பழைய புல்லட்: டைமிங் முதலில், கார்புரேட்டர் கடைசியில்

உங்கள் வண்டியின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். 1990களில் வந்த புல்லட் 350 ஸ்டாண்டர்டு. காஸ்ட் அயர்ன் இன்ஜின், பாயிண்ட் (திறந்து மூடிப் பிளக்கில் பொறி விழ வைக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த இக்னிஷன், மிக்கார்ப் கார்புரேட்டர். உதைக்கும்போது கிக்கர் சில சமயம் காலைத் திருப்பி அடிக்கிறது. மேட்டில் இழுவை இல்லை. சைலன்சரின் வளைவுக் குழாய் நீலம் பாய்ந்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. மெக்கானிக் பல முறை கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்துவிட்டு, இப்போது புது கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார்.

வாங்காதீர்கள். குறைந்தபட்சம் இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் சொன்ன அறிகுறிகளில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிக்கர் திருப்பி அடிக்கிறது என்றால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்கு ரொம்ப முன்னாலேயே பொறி விழுகிறது, அதாவது டைமிங் அட்வான்ஸாக இருக்கிறது. குழாய் நீலமாகி இழுவை செத்துப் போனால் பொறி தாமதமாக விழுகிறது, டைமிங் ரிட்டார்ட். ஒரே வண்டியில் இரண்டும் எப்படி இருக்க முடியும்? வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்றும் ஆட்டோ அட்வான்ஸ் யூனிட் நடுவில் எங்கோ இறுகி நின்றுவிட்டால் இருக்க முடியும். உதைக்கும்போது தேவைக்கு மேல் அட்வான்ஸ், ஓடும்போது தேவைக்குக் கீழே. உங்கள் வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். பிளக்கில் பொறி விழுந்தவுடன் பெட்ரோல் கலவை ஒரேயடியாக வெடித்துவிடாது. தீ பரவச் சில மில்லி செகண்ட் ஆகும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி அளவில் இறங்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் முழு பலமும் கிராங்குக்குப் போகும். 900 ஆர்பிஎம்மில் ஐடிலிங் ஓடும் இன்ஜினில் ஒரு மில்லி செகண்டுக்குள் கிராங்க் 5 டிகிரி சொச்சம்தான் சுற்றும். 3000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 18 டிகிரி சுற்றிவிடும். அதனால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே விழ வைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஆட்டோ அட்வான்ஸ். வேகத்தில் இரண்டு எடைகள் வெளியே விரிந்து, பாயிண்டைத் திறக்கும் கேமைத் திருப்பும். வேகம் குறைந்தால் சின்ன ஸ்ப்ரிங்குகள் அதை இழுத்துக்கொள்ளும். இது பாயிண்ட் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. துருவேறும், பழைய கிரீஸ் பிசினாகும், ஸ்ப்ரிங் தளரும். வருடக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடக்கும்.

சோதிப்பது சுலபம். பாயிண்ட் மூடியைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் கேமை அது சுற்றும் திசையிலேயே விரலால் திருப்பி விடுங்கள். கொஞ்சம் திரும்பி, விட்டதும் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். நகரவே இல்லை என்றாலோ, சோம்பலாகத் திரும்பி வந்தாலோ அல்லது பாதியில் நின்றாலோ, கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, அச்சில் ஒரு சொட்டு ஆயில் விட்டு மாட்டுங்கள். ஸ்ப்ரிங் நீண்டு தொங்கினால் மாற்றிவிடுங்கள். கேமை பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு துல்லியமாக டைமிங் வைத்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் பொறி வேறு வேறு இடத்தில்தான் விழும்.

அப்புறம் வரிசை. இதில் நான் பிடிவாதக்காரன். டேப்பெட் (வால்வின் இடைவெளி), பாயிண்ட் கேப் (பாயிண்ட் திறக்கும் இடைவெளி), டைமிங், அதற்குப் பிறகுதான் கார்புரேட்டர். காரணம் இருக்கிறது: முன்னால் உள்ளதில் எதைத் தொட்டாலும் பின்னால் உள்ளது மாறும், பின்னால் உள்ளதைத் தொட்டால் முன்னால் உள்ளது மாறாது. பாயிண்ட் கேப்பைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானாக அட்வான்ஸ் ஆகும். கேப்பைக் குறைத்தால் ரிட்டார்ட். டைமிங் வைத்து முடித்த பிறகு கேப்பைத் தொட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

டேப்பெட்டை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ்ராடு (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதைச் சூட்டில் செய்தால் ஆறியதும் வால்வு சரியாக உட்காராது.

பாயிண்ட் முகங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் குழியுமாக இருந்தால் எமரி பேப்பரால் தேய்த்துக் காலம் தள்ளலாம், ஆனால் புதுசு மாற்றுவதே மேல். நீலமாகக் கருகியிருந்தாலோ, வண்டி ஓடும்போது பாயிண்டில் பெரிய நீலப் பொறி பறந்தாலோ, பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சர் போய்விட்டது. கண்டென்சர் கெட்டால் வரும் தொல்லை அப்படியே கார்புரேட்டர் தொல்லை மாதிரியே இருக்கும்: குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடும், சூடேறியதும் மிஸ்ஸிங், நின்றால் ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் மறுபடி ஓடும். இதற்காகக் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டை மாற்றியவர்கள் நிறைய. கண்டென்சரின் விலையோ சொற்பம். கேப்: கேம் பாயிண்டை முழுசாகத் திறந்த இடத்தில் ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மி.மீ. வரை. கேஜை வைப்பதற்கு முன்னால் எண்ணெய் போகத் துடையுங்கள். பிளக் கேப் 0.5 முதல் 0.6 மி.மீ. போதும்.

இப்போது டைமிங். இந்த இன்ஜினுக்கு ஸ்டாட்டிக் டைமிங், அதாவது எடைகள் விரியாமல் முழு ரிட்டார்டில் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே. பழைய கணக்கில் அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு. 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இந்த இன்ஜினில் அது கிராங்கில் 9, 10 டிகிரி வரும்.

பெரும்பாலான ஷெட்களில் பிளக் துளை வழியாக ஸ்போக் கம்பியை விட்டு இந்த 0.8 மி.மீ.யை அளக்கிறார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புல்லட்டின் பிளக் சாய்வாக இருக்கிறது. கம்பி நகரும் தூரமும் பிஸ்டன் நகரும் தூரமும் ஒன்றல்ல. அதோடு உச்சியை ஒட்டிப் பிஸ்டன் மிகக் கொஞ்சமாகத்தான் நகரும். அளவில் அரை மில்லிமீட்டர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறினால் டைமிங் 6 டிகிரிக்கும் இருக்கலாம், 12 டிகிரிக்கும் இருக்கலாம். கையால் பிடித்த கம்பியில் அரை மில்லிமீட்டரைப் பார்க்க யாராலும் முடியாது.

அதைவிட நல்ல வழி, இடது பக்க பிரைமரி கவரைத் திறந்து கிராங்கிலேயே அளப்பது. நடுவில் ஒரே ஒரு நட்டுதான். கீழே தட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆயில் கொட்டும். அச்சடித்த டிகிரி வட்டம் ஒன்றை அட்டையில் ஒட்டி ரோட்டர் நட்டில் பொருத்துங்கள். ஒரு கம்பியை வளைத்து முள்ளாக வையுங்கள். உச்சியைக் கண்டுபிடிக்கப் பிஸ்டன் ஸ்டாப் ஒன்று செய்துகொள்ளுங்கள்: பழைய பிளக்கின் பீங்கானை எடுத்துவிட்டு அதில் நுனி மழுங்கிய போல்ட் ஒன்றைப் பொருத்தினால் போதும். வால்வில் இடிக்காத நீளம்தானா என்று மெதுவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் திருப்பி, பிஸ்டன் போல்ட்டில் மெல்ல முட்டும் இடத்தைக் குறியுங்கள். பிறகு எதிர்த் திசையில் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் சரியான நடுதான் உச்சி. இந்த முறையில் பிளக் சாய்வாக இருப்பது எந்தக் கேடும் செய்யாது. உச்சியில் ரோட்டருக்கும் கேஸுக்கும் நேராக ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேலை மிச்சம். ஸ்டாப்பை மறக்காமல் கழற்றிவிடுங்கள்.

பாயிண்ட் எப்போது திறக்கிறது என்று பார்ப்பதற்கு வண்டியிலேயே ஒரு கருவி இருக்கிறது. ஹெட்லைட் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டர். விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வழியாக கரண்ட் ஓடும், முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்துவிடும். பழைய புல்லட்காரர்கள் உதைப்பதற்கு முன்னால் கிக்கரை மெல்ல அமுக்கிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பது இதற்காகத்தான். முள் நடுவுக்கு வந்ததும் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷரைப் பிடித்து உச்சியைக் கொஞ்சம் தாண்ட வைத்துவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழுசாக உதைப்பார்கள். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று முள்ளே சொல்லிவிடுகிறது.

மீட்டர் முள் கொஞ்சம் சோம்பேறி. தோராயமாக இடத்தைக் கண்டுபிடிக்க அது போதும். கடைசி அரை டிகிரிக்கு ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை, பழைய 6 வோல்ட் வண்டியானால் 6 வோல்ட் பல்பை, பாயிண்டின் வயர் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் இடையே கொடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்ப் அணைந்திருக்கும், திறக்கும் கணத்தில் எரியும். சாவி ஆனில் இருக்கும்போது பாயிண்ட் மூடிய நிலையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். காயில் சூடாகிக் கெட்டுவிடும்.

கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்தானா என்பதைப் புஷ்ராடை உருட்டி உறுதி செய்யுங்கள். இரண்டும் சுற்ற வேண்டும். சக்கரத்தைப் பின்னால் திருப்பி, உச்சிக்கு 30 டிகிரி முன்னால் கொண்டுபோய், அங்கிருந்து வண்டி முன்னே போகும் திசையில் மட்டும் மெதுவாகத் திருப்பிக்கொண்டு வாருங்கள். டைமிங் கியர்களுக்கு இடையில் உள்ள விளையாட்டு ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் அளவு உண்மையாக வரும். உச்சிக்கு 9, 10 டிகிரி முன்னால் பல்ப் எரிய வேண்டும். அதற்கு முன்பே எரிந்தால் பாயிண்ட் தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, கேம் சுற்றும் திசையிலேயே தட்டைத் திருப்புங்கள், அது ரிட்டார்ட். கேமுக்கு எதிர்த் திசையில் திருப்பினால் அட்வான்ஸ். மயிரிழை நகர்த்தினால் போதும். கேம் கிராங்கைவிடப் பாதி வேகத்தில் சுற்றுவதால் தட்டில் ஒரு டிகிரி என்பது கிராங்கில் 2 டிகிரி. ஸ்க்ரூவை இறுக்கியதும் மறுபடி பாருங்கள், இறுக்கும்போது தட்டு நகர்ந்திருக்கும்.

பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் லைட் கிடைத்தால் இன்ஜினை ஓடவிட்டும் பார்க்கலாம். ரேஸ் பண்ணும்போது குறி நகர்கிறதா, ஓர் இடத்தில் போய் நிலையாக நிற்கிறதா என்பதுதான் முக்கியம். ஐடிலிங்கிலேயே குறி ஆடிக்கொண்டிருந்தால் தளர்ந்த ஸ்ப்ரிங் அல்லது தேய்ந்த புஷ்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், மனசு கேட்கவில்லை. டுக் டுக் சத்தம் நிறுத்தி நிதானமாக வர வேண்டும் என்று டைமிங்கை வேண்டுமென்றே ரிட்டார்ட் செய்து, ஐடிலிங்கையும் அடியோடு குறைத்துத் தருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தாமதமாக எரியும் தீயின் சூடு எக்ஸாஸ்ட் வால்வு வழியாகக் குழாய்க்குப் போகிறது. குழாய் நீலமாகும், வால்வு சீக்கிரம் தேயும். இந்த இன்ஜினின் ஆயில் பம்ப் குறைந்த வேகத்தில் அனுப்பும் ஆயிலும் குறைவு. பிக் எண்டும் ராக்கரும் காய்கின்றன. பேட்டரியும் சார்ஜ் ஆகாது. நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டர் 900 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஏழெட்டு முறை அடிக்கும். ஒவ்வொரு அடியையும் நீங்கள் நிதானமாக எண்ண முடிகிறது என்றால் ஐடிலிங் அளவுக்கு மீறிக் குறைந்திருக்கிறது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய காலத்தின் வடிவமைப்பு இது. அதன் ஆயுளைச் சத்தத்துக்காகச் செலவழிக்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டர். டைமிங் சரியானதும் உங்கள் தொல்லையில் பெரும்பகுதி போயிருக்கும் என்பது என் கணிப்பு. மிச்சமிருக்கப் போவது ஆக்சிலேட்டரை விடும்போது வரும் பட் பட். அதற்கு முதலில் காற்று ஒழுக்கைத் தேடுங்கள். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் இடைப்பட்ட இணைப்பில் தண்ணீரை மெல்ல ஸ்ப்ரே செய்யுங்கள். இன்ஜின் சத்தம் மாறினால் அங்கே காற்று புகுகிறது. பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜின் மேல் அது வேண்டாத ஆபத்து. சைலன்சர் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு இருந்தாலும் இதே பட் பட் வரும்.

மிக்கார்ப், மிகுனி விஎம் வகையைச் சேர்ந்த கார்புரேட்டர். 350இல் 24 மி.மீ. வாய், 500இல் 28. இதில் கலவையைச் சரி செய்வது ஏர் ஸ்க்ரூ. ஏர் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது, இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. வேறு பைக்கில் வேலை பார்த்துப் பழகியவர்கள் இதில்தான் குழம்புகிறார்கள். உங்கள் வண்டியில் உள்ளே திருகினால் காற்று குறையும், கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்). வெளியே திருகினால் லீன் (காற்று அதிகம்). பெட்ரோல் ஸ்க்ரூ உள்ள வண்டிகளில் இது தலைகீழ்.

வண்டியை ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல், முழுசாக மூடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாக நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடி பொறுத்துக் கேளுங்கள். இன்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடம் ஒன்று கிடைக்கும். அதுதான் அதன் இடம். பிறகு ஐடிலிங்கைக் கீழே இறக்குங்கள். வேகம் ரொம்ப மாறினால் ஏர் ஸ்க்ரூவை மறுபடி ஒரு முறை பாருங்கள். ஸ்க்ரூவை முக்கால்வாசி மூடினால்தான் ஒழுங்காக ஓடுகிறது என்றால் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது அல்லது சின்னது. இரண்டரை, மூன்று சுற்று வெளியே வந்தும் போதவில்லை என்றால் ஸ்லோ ஜெட் பெரியது. ஜெட் துளையில் கம்பி விடாதீர்கள், பித்தளை கீறினால் அளவு போச்சு. காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஏர் ஸ்க்ரூவின் அதிகாரம் ஐடிலிங்கிலும் அதற்குச் சற்று மேலும்தான். ஆக்சிலேட்டர் கால் பாகம் முதல் முக்கால் பாகம் வரை ஆட்சி செய்வது ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியான நீடில்; அதற்கு மேல் மெயின் ஜெட். 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது திணறுகிறது என்றால் ஏர் ஸ்க்ரூவைத் திருகுவதில் பயனில்லை, நீடில் கிளிப்பைத்தான் மாற்ற வேண்டும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயரும், கலவை ரிச்.

நீடிலைப் பற்றிப் பேச இன்னொரு காரணம் பெட்ரோல். இந்த வண்டி வடிவமைக்கப்பட்ட காலத்தில் எத்தனால் கலப்பு கிடையாது. வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று எடைக் கணக்கில் தேவை. இப்போது பங்க்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 13.5 போதும். பழைய ஜெட் அதே அளவு பெட்ரோலைத்தான் விடும்; ஆக, யாரும் தொடாமலேயே கலவை லீனாகிவிட்டது. லீன் கலவை மெதுவாக எரியும், சூடு ஏறும், ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நிற்கும். கிளிப்பை ஒரு பள்ளம் இறக்கிப் பார்ப்பது இன்றைக்குப் பல பழைய வண்டிகளுக்கும் பொருந்தும். முழு ஆக்சிலேட்டரிலும் இழுவை குறைந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு கூட்டலாம். கம்ப்ரஷன் 6.5ஐ ஒட்டிய இன்ஜினுக்கு விலை கூடிய உயர் ஆக்டேன் பெட்ரோல் ஒரு பலனும் தராது. ஊட்டி, கொடைக்கானல் போனால் காற்று மெலிந்து கலவை கொஞ்சம் ரிச் ஆகும். இரண்டு நாள் பயணத்துக்காக எதையும் தொட வேண்டாம்.

கடைசியில் பிளக்கைப் பாருங்கள். ஆளில்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 50இல் சில நிமிடம் சீராக ஓட்டி, கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். ஐடிலிங்கில் விட்டு அணைத்தால் ஐடிலிங்கின் நிறம்தான் தெரியும். பீங்கான் வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் ரிச். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் லீன், ஆனால் டைமிங் தவறினாலும் பிளக் வெளுக்கும். வரிசைப்படி வந்திருந்தால் இந்த இடத்தில் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. மேட்டில் டாப் கியரில் பாரம் கொடுத்துப் பாருங்கள். உள்ளே கிணுகிணு என்று உலோகம் தட்டும் சத்தம் வந்தால் டைமிங்கை ஒரு டிகிரி பின்னால் தள்ளுங்கள்.

புதுப் பாயிண்ட் போட்டிருந்தால் 500 கிலோமீட்டரில் கேப்பை மறுபடி பாருங்கள். கேமில் உரசும் ஃபைபர் காலணி ஆரம்பத்தில் வேகமாகத் தேயும். அது தேய்ந்தால் கேப் குறையும், டைமிங் ரிட்டார்ட் பக்கம் நகரும். கேமில் அரிசியளவு கிரீஸ் தடவி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பாயிண்ட் முகத்தில் கிரீஸ் தெறித்தால் மிஸ்ஸிங் திரும்ப வந்துவிடும்.